பாணுக்குள் ஓட்டை, பாணில் சூடு

போறணை வேலைக்குப் புதிதாக வருகிற பெடியளிடம் பாணுக்குள் ஏன் ஓட்டை இருக்கிறது என்று கேட்டால், "ஈஸ்ட் போடுறபடியால்" என்பார்கள். அது பாதிதான் சரி. ஈஸ்ட் வாயுவை ஊதுகிறது, ஆனால் ஊதுவதற்கான பையை அது செய்வதில்லை. மா குழைக்கும்போது மெஷினின் கொக்கி அடித்து உள்ளே இறக்குகிற காற்றுத்தான் முதல் ஓட்டை. ஈஸ்ட் விடுகிற காபனீரொட்சைட்டு முதலில் மாவில் உள்ள தண்ணீரில் கரையும். தண்ணீர் இனித் தாங்காது என்றானதும், ஏற்கனவே இருக்கிற குமிழிகளுக்குள் போய்ச் சேர்ந்து அவற்றைப் பெருக்க வைக்கும். தானாக ஒரு புதுக் குமிழியைத் தொடங்க அதனால் ஏலாது. பேக்கர், மைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1941இல் இதைக் காட்டினார்கள். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழைத்த மாவிலும் ஈஸ்ட் வேலை செய்தது, ஆனால் அந்தப் பாணில் இருந்தவை பெரிய முரட்டு ஓட்டைகள்.

ஆகவே ஓட்டையின் எண்ணிக்கை குழைப்பதிலும் கை வேலையிலும்தான் இருக்கிறது. பொங்கின மாவை ஏன் அமர்த்தி, வெட்டி, உருட்டி, திரும்ப உருட்டிச் சுருட்டுகிறோம்? ஒரு பெரிய குமிழி நாலைந்து சிறிய குமிழிகளாக உடையத்தான். அச்சுப் பாணுக்கு இதை இறுக்கமாகச் செய்யவேண்டும், அப்போதுதான் உள்ளே பஞ்சு போல நெருக்கமாக வரும். ரோஸ் பாணுக்குக் கொஞ்சம் தளர விட்டாலும் பரவாயில்லை, அதை வாங்குகிறவர்களுக்கு வேண்டியது மொறுமொறுப்பான தோல்.

50 கிலோ மா மூட்டை ஒன்றுக்கு 29 லீற்றர் தண்ணீர், 900 கிராம் உப்பு, சீனி ஒரு கிலோ, மாஜரீன் ஒரு கிலோ, உலர் ஈஸ்ட் 500 கிராம். இரவு முழுக்கப் பொங்க விடுவதென்றால் ஈஸ்ட்டைப் பாதிக்கும் கீழே குறைக்கவேண்டும். உப்பு வெறும் ருசிக்கு அல்ல. கோதுமைப் புரதம் கட்டுகிற சவ்வை அது இறுக்குகிறது, ஈஸ்ட்டையும் அடக்கி வைக்கிறது. உப்பு மறந்துபோன மா கையில் ஒட்டும், கண்டபடி பொங்கும், போறணைக்குள் வைக்கும் முன்பே தளர்ந்துவிடும். குழைத்தது போதுமா என்று பார்க்க, ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்துப் பார்ப்போம். வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குக் கிழியாமல் விரிந்தால் சவ்வு வந்துவிட்டது. அரிசி மாவில் இந்தச் சவ்வு வராது. அதனால்தான் அப்பத்துக்குப் பொறிபொறியாக ஓட்டை விழும், பாண் போல நிமிர்ந்து நிற்காது.

யாழ்ப்பாணத்து வெயிலில் அளவுகளைவிடப் பெரிய தலையிடி சூடுதான். குழைத்து முடிந்த மா 27 பாகையில் இருக்கவேண்டும். கணக்கு இலகு: 27ஐ மூன்றால் பெருக்கு, 81. அதிலிருந்து குழைக்காத மாவின் சூடு, அறையின் சூடு, மெஷின் உரசுகிற சூடு மூன்றையும் கழி. மா 31, அறை 33, மெஷினுக்கு 8 என்றால் மிஞ்சுவது 9. தண்ணீர் 9 பாகையில் இருக்கவேண்டும், அதாவது ஐஸ் போடாமல் ஆகாது. குழாயில் வருகிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் மா 33, 34க்குப் போய், சவ்வு முதிரும் முன்பே ஈஸ்ட் ஓடத் தொடங்கிவிடும். வெயில் நாட்களில் ஊரில் பல இடத்துப் பாண் புளிப்பதும் வாயகன்ற ஓட்டை விழுவதும் இதனால்தான். ஈஸ்ட் கம்பனியைத் திட்டிப் பிரயோசனமில்லை.

போறணைக்குள் நடப்பது சில நிமிட விளையாட்டு. விறகுப் போறணை என்றால் தணலை வாரி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, ஒரு பிடி மாவை எறிந்து பார்ப்போம். உடனே கருகினால் பொறுக்கவேண்டும், மெல்லப் பொன்னிறமானால் பாணை வைக்கலாம். உள்ளே போன மா சூடேற ஈஸ்ட் கடைசி மூச்சுக்கு ஊதும், 55 பாகை தாண்டச் செத்துவிடும். பிறகும் பாண் எழும்புகிறதே என்றால், கரைந்திருந்த வாயு வெளியேறுகிறது, நொதித்ததில் உண்டான மதுசாரமும் தண்ணீரும் ஆவியாகின்றன. 60 பாகைக்கு மேல் மாச்சத்து தண்ணீரைக் குடித்துக் களியாகும், 75ஐ அண்டிச் சவ்வு இறுகும். அந்த நேரத்தில் குமிழிகளின் சுவர்கள் வெடித்து ஒன்றுக்குள் ஒன்று திறக்கவேண்டும். திறந்தால்தான் ஆறும்போது வெளிக்காற்று உள்ளே வந்து பாண் நிற்கும். அரை வேக்காட்டில் எடுத்த பாண் தட்டில் வைத்ததும் இடுப்பு ஒடுங்குவது இதனால்தான். அச்சுப் பாணின் நடுவே 95 பாகை வந்தால் வெந்துவிட்டது. 220 பாகைப் போறணையில் அதற்கு அரை மணித்தியாலம் அளவில் எடுக்கும்.

மேல் தோலுக்குக் கீழே கைவிரல் போகிற அளவு குகை இருந்தால், மா பொங்கப் போதிய நேரம் கொடுக்கவில்லை, அல்லது காத்திருந்தபோது மேலே காய்ந்து தோல் பிடித்துவிட்டது. நடுவில் நீள ஓட்டை என்றால் சுருட்டும்போது மாவோ எண்ணெயோ அள்ளித் தூவியிருக்கிறார்கள், மடிப்பு ஒட்டவில்லை. அளவுக்கு மீறிப் பொங்க விட்ட பாணைத் தொட்டாலே உதிரும்.

இனிச் சூட்டுக்கு வருவோம். பின்னேரம் நாலரைக்குப் போறணை திறக்கிற கடைகளில் "அண்ணை, சுடுபாண் இருக்கோ?" என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றோடொன்று ஒட்டி வெந்த பாண்களைப் பிய்க்கும்போது, பிய்த்த பக்கத்தால் ஆவி எழும். தோலில் இருந்து வருகிற அந்த வாசனைக்குப் பெரிய காரணமான சேர்மம்தான் ரம்பை இலையிலும் பாஸ்மதியிலும் மணக்கிறது. சனம் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வரத்தான் செய்யும். ஆனால் சுடச்சுட விற்பதில் கடைக்காரருக்கும் லாபம் உண்டு: ஆறவைக்க இடம் வேண்டாம், வெட்டவும் உறையில் போடவும் ஆள் வேண்டாம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். சுடுகிறபோது எந்தப் பாணும் மெதுவாகத்தான் இருக்கும். குழைப்பில் ஏமாற்றியதும், ஓட்டை கண்டபடி விழுந்ததும் ஆறின பிறகுதான் தெரியும். ஒரு பேக்கரியை அளக்க வேண்டுமென்றால் அடுத்த நாள் காலை அதே பாணை வெட்டிப் பாருங்கள்.

சுடுகிற பாணைக் கத்தியால் வெட்டக்கூடாது. மாச்சத்து இன்னும் களியாகத்தான் இருக்கும், கத்தியோடு இழுபட்டு ஓட்டைகள் எல்லாம் அப்பிவிடும். 450 கிராம் பாண் நடுவரை 35 பாகைக்கு இறங்க ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும். அதற்கு முன் பொலித்தீன் உறையில் கட்டினால் உள்ளே வியர்த்து, மறுநாளே பூஞ்சணம். பூஞ்சணத்தை விடக் கெட்டது ஒன்றும் உண்டு: பாணைப் பிட்டால் நடுப்பகுதி நூல் நூலாக இழுபடும், அழுகின அன்னாசி மணக்கும். மாவோடு வருகிற ஒரு பக்றீரியாவின் வித்துகள் போறணையிலும் சாகாமல் நடுவில் தப்பி, புழுக்கத்தில் பெருகுவதன் விளைவு அது. மூட்டைக்கு அரை லீற்றர் வினாகிரி சேர்ப்பது பழைய தடுப்பு.

நிறையும் சூட்டோடு சேர்ந்த விஷயம். இலங்கையில் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும். வேகும்போது பத்து வீதத்துக்கு மேல் தண்ணீர் போகும், தட்டில் ஆறும்போது இன்னும் ஒன்றிரண்டு வீதம் போகும். ஆகவே மாவை 510 கிராமில் வெட்டவேண்டும். ஒரு மூட்டையில் 160 பாண் அளவில் தேறும். 490இல் வெட்டி 165 எடுக்கிறவரின் பாண் சூட்டோடு நிறுத்தாலே 450ஐ எட்டாது, வீட்டுக்குப் போகும்போது இன்னும் குறையும்.

பழசாகிப் போன பாண் காய்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு துளி ஈரம் போகாவிட்டாலும் பாண் இறுகும் என்று பிரான்சின் இரசாயனவியலாளர் பூசிங்கோ 1852இலேயே காட்டிவிட்டார். களியான மாச்சத்து திரும்ப ஒழுங்காக அடுக்குப்படுவதுதான் காரணம். குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் அது இன்னும் விரைவாக நடக்கும். பாணை அதில் வைக்கவே வேண்டாம், வைப்பதென்றால் உறையவைக்கிற தட்டில் வையுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து, உள்ளே 60 பாகை வரும்வரை சூடாக்கினால் மெதுமை திரும்பும், ஆனால் ஆறியதும் முன்னையை விட விரைவில் இறுகிவிடும். கடையில் மிஞ்சுகிற பாணை வெட்டி, தணிந்த போறணையில் வாட்டி றஸ்க் ஆக்குகிறோம். குகை விழுந்த பாண் அதற்கும் உதவாது, வெட்டும்போதே இரண்டாக உடைந்துவிடும்.