பன்னிரண்டு நாசிலும் ஒரு கிலோ தூளும்

எங்கள் வீடு வேலந்தாவளத்துக்குக் கேரளப் பக்கம் இருக்கிறது. மக்காச்சோளம் போடும் காடு தமிழகப் பக்கம் இருக்கிறது. கேரளம் 2011-இல் தடை செய்த மருந்துகளில், நான் மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லியும் ஒன்று என்பதால், அந்தத் தூளைக் காட்டுச் சாளையிலேயே வைத்துக்கொள்கிறேன், வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை.

கைத்தெளிப்பான் காலத்துப் பழக்கத்தில் எங்கள் பக்கத்தில் இன்னமும் 'டேங்குக்கு எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள். டிராக்டர் தெளிப்பானில் அந்தக் கேள்விக்கு முன்னால், ஒரு டேங்க் எத்தனை ஏக்கருக்கு வரும் என்பது தெரிந்தாக வேண்டும். அதற்காக நான் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி, நாசில் (மருந்தைப் பீய்ச்சும் வாய்) ஒவ்வொன்றின் கீழும் ஒரு நிமிடம் அளவுக் குவளையைப் பிடிப்பேன். என்னிடம் இருப்பவை சிவப்பு நாசில்கள். 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1.6 லிட்டர் விழ வேண்டும். கூடுதலாக விழுந்தால் வாய் தேய்ந்துவிட்டது என்று பொருள், அதை மாற்றிவிடுவேன். பிறகு காட்டிலேயே 100 மீட்டர் அளந்து, அந்தத் தூரத்தை 90 விநாடியில் கடக்கும் கியரைக் கண்டுபிடிப்பேன். அது மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம். அரை மீட்டர் இடைவெளியில் பன்னிரண்டு நாசில் உள்ள 6 மீட்டர் பூம் (நாசில்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), திரும்பும் நேரம் போக, ஓர் ஏக்கரைப் பத்து நிமிடத்தில் முடித்து ஏறக்குறைய 194 லிட்டரைச் செலவழிக்கிறது. ஆகவே 400 லிட்டர் டேங்க் இரண்டு ஏக்கருக்கு வரும்; ஏக்கருக்கு 500 கிராம் வீதம் ஒரு டேங்குக்கு ஒரு கிலோ தூள் போதும்.

தூளை நேரே டேங்கில் கொட்டக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரில் குச்சியால் கட்டியில்லாமல் கலக்கி, பாதி நிரம்பிய டேங்கில் சல்லடை வழியாக ஊற்றி, அதன்பின் மீதித் தண்ணீரை விடுகிறேன். இது தண்ணீரில் கரையாத தூள், தண்ணீருக்குள் துகளாகத்தான் மிதக்கும், பி.டி.ஓ. (டிராக்டர் எஞ்சின் விசையால் பம்பை ஓட்டும் தண்டு) ஓடி, டேங்குக்கே திரும்பி வரும் குழாய்த் தண்ணீர் கலக்கிக்கொண்டே இருந்தால்தான் அடியில் படியாது.

இதை நான் ஒரு டீ குடித்துத்தான் கற்றுக்கொண்டேன். பாதி டேங்க் இருக்கும்போது வண்டியை அணைத்து வரப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, திரும்பக் கலக்காமலேயே பூமைத் திறந்துவிட்டேன். அடியில் படிந்திருந்ததெல்லாம் முதல் ஓட்டத்திலேயே கொட்டிவிட்டது. மக்காச்சோளம் தாங்கிக்கொண்டது. அறுவடைக்குப் பிறகு விதைத்த உளுந்துதான், சரியாக 6 மீட்டர் அகலத்துக்கு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல, ஓரம் மஞ்சளாகி அடியிலைகள் கருகி நின்றது. அந்தப் பட்டையைப் பார்த்த சித்தப்பா, "டீ எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒன்பது மணிக்கெல்லாம் வேகம் பிடித்துவிடும். கிழக்கே பக்கத்துக்காரரின் தக்காளி இருப்பதால், விதைத்த மூன்று நாளுக்குள், ஈர மண்ணில், விடியற்காலையிலேயே அடித்து முடிக்கிறேன். பூமைத் தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தூக்குவதில்லை. டேங்கை மூன்று முறை கழுவிய தண்ணீரையும் வாய்க்காலில் விடாமல், அதே மக்காச்சோளக் காட்டில், கடைசியாகத் திரும்பும் ஓரத்தில் தெளித்துவிடுகிறேன்.