பழையனூர் நீலி: திருவாலங்காடு போகிறவர்கள் விட்டுவிடக் கூடாத ஊர்

திருவாலங்காட்டுக்கு வருகிற பலர், நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபையில் ஆடவல்லானைத் தரிசித்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். சுமார் 2 கி.மீ. தள்ளி வயல்களுக்கு நடுவே பழையனூர் இருக்கிறது. அங்கும் போய்க் கும்பிட்டால்தான் இத்தல வழிபாடு நிறைவு பெறும்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் அரக்கோணம் மின்சார ரயிலில் ஏறித் திருவாலங்காடு நிலையத்தில் இறங்கலாம். விரைவு ரயிலில் ஏறினால் அரக்கோணம் வரை போய்த் திரும்ப வேண்டிவரும். நிலையத்திலிருந்து கோயில் சில கி.மீ. தூரம்; ஆட்டோ பிடிக்கும்போதே பழையனூருக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். உச்சிக்குப் பின் நடை சாத்திவிடுவதால் காலையிலேயே போய்ச் சேர்வது நல்லது.

திருவாலங்காட்டில் முதலில் குளக்கரைக் காளியை வணங்க வேண்டும். நடனத்தில் தோற்ற காளிக்கு, "உன்னைத் தொழுத பிறகே என்னைத் தொழுவார்கள்" என்று இறைவன் வரம் தந்ததாகத் தலபுராணம். இந்தக் காளியையே நீலி என்று சிலர் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். காளிக்கும் நீலி என்ற பெயர் உண்டு என்பதால் வருகிற குழப்பம் அது. பழையனூர் நீலி வேறு. அவள் பழிதீர்க்க வந்த பேய்.

கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். முற்பிறவியில் கணவன் கையால் செத்தவள் நீலி. மறுபிறவியில் காஞ்சிபுரத்து வணிகனாக வந்த அவனைத் தொடர்ந்தாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் கணவர் என்னை ஒதுக்குகிறார்" என்று ஊர்ச்சபையில் அழுதாள். குழந்தையும் அவனை "அப்பா" என்றது. சபையிலிருந்த வேளாளர் எழுபது பேரும் அவளை நம்பினார்கள். அவன் காவலுக்கு வைத்திருந்த கத்தியையும் வாங்கிக்கொண்டு, "உனக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் ஈடு" என்று சொல்லி இருவரையும் ஓர் அறையில் தங்க வைத்தார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்னபடியே தீயில் இறங்கினார்கள். அவர்கள் தீப்பாய்ந்த இடத்தில் நினைவு மண்டபமும், எதிரே சாட்சிபூதேசுவரர் சந்நிதியும் இருக்கின்றன. சாட்சியாக நின்ற இறைவனை அங்கே வணங்குங்கள். பேய்க்கதை கேட்கிற ஆசையில் வருகிறவர்களும் இங்கே வந்தால் அந்த எழுபது பேரைத்தான் நினைக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கதை பிற்காலத்தில் கட்டியதல்ல. தலையால் நடந்து காரைக்கால் அம்மையார் வந்த திருவாலங்காட்டு மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, ஞானசம்பந்தர் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அங்கே அவர் பாடிய பதிகத்தின் முதல் பாட்டிலேயே "வஞ்சப்படுத் தொருத்தி வாழ்நாள் கொள்ளும் வகைகேட்டு" என்று நீலி வந்துவிடுகிறாள். பின்னர் இராசேந்திர சோழன் பழையனூரை ஆலங்காட்டு மகாதேவருக்கு அளித்தான். அதைச் சொல்லும் 31 ஏடுகள் கொண்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905இல் கிடைத்தன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரத்தின சபைக்குள் போய், ஆடும் பெருமானின் அடிக்கீழ் அம்மையாரைப் பாருங்கள். அவரும் தம்மைக் "காரைக்காற் பேய்" என்றுதான் பாடிக்கொண்டார். ஒரே காட்டில் ஒரு பேய் உயிர் குடித்தது, இன்னொரு பேய் தாளம் போட்டுப் பாடியது. இப்படியொரு தலம் வேறெங்கும் இல்லை என்றே சொல்வேன்.

மார்கழித் திருவாதிரையன்று கூட்டம் மிக அதிகம். பழையனூரையும் நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்த்து, சாதாரண வார நாளில் வருவதே மேல்.