தோட்டத்திலிருந்து கண்டி வரை: அம்மாவின் கழுத்து ஆப்ரேசன்

கழுத்துக்குள் தண்டுவடம் நெரிபட்டால் கழுத்து வலிக்கும் என்றுதான் நினைப்போம். அம்மாவுக்குக் கழுத்து பெரிதாக வலிக்கவே இல்லை. முதலில் குறைந்தது அவர் பறிக்கும் கொழுந்துதான். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேகமான கை என்று பெயர் எடுத்தவருக்கு அடிக்கடி அரைப்பேர் (கொழுந்து குறைந்தால் போடும் அரைநாள் சம்பளம்) விழ ஆரம்பித்தது. விரல் மரத்துப்போகுது, கிள்ளினது கையில் நிக்க மாட்டேங்குது என்றார். அப்புறம் சட்டை ஊக்கு போட முடியவில்லை. கால் விறைத்து, இறக்கத்தில் தடுமாறினார். வயது 56. வாதம் என்றார்கள், ரத்தம் பத்தாது என்றார்கள், செய்வினை என்று சொன்னவர்களும் உண்டு. ஓர் ஆஸ்பத்திரியில் முழங்கால் தேய்மானம் என்று மாத்திரை கொடுத்து மாதக்கணக்கில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

விஷயத்தைப் பிடித்தது ஓர் இளம் டாக்டர். முழங்காலைப் பார்க்கவே இல்லை. "அம்மா, கையை வேகமா மூடி மூடித் திறங்க" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். சாதாரண ஆளால் 10 செக்கனில் 20 தடவைக்கு மேல் செய்ய முடியுமாம். அம்மா பாதியைக்கூடத் தாண்டவில்லை. சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார், கால் எகிறியது. ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னார். இரண்டு எட்டில் அம்மா என் தோளைப் பிடித்துவிட்டார். ஊசியும் இல்லை, மெஷினும் இல்லை. "இது முழங்கால் இல்லை, கழுத்து" என்று சொல்லி, கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தந்தார். கால் தடுமாறுகிறது, கை சொன்னபடி கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் கையை மூடித் திறக்கும் இந்தச் சோதனையை ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கை மெதுவாகிப்போயிருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி. கிளினிக் நாள் என்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்காமல் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். திகதிக்குக் காத்திருக்கப் பயமாக இருந்ததால் சீட்டுக் காசைப் போட்டு வெளியே தனியாரிடம் ஸ்கேன் எடுத்தோம். உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்ற அம்மா பேசாமல் சம்மதித்துவிட்டார். மூக்குத்திதான் வழிக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, திருகு இறுகிப்போய் இருந்தது. கடைசியில் ஹட்டனில் ஆசாரியிடம் போய்க் கழற்றினோம். ஸ்கேனுக்குப் போகிறவர்கள் இதை முதல் நாளே முடித்துக்கொள்ளுங்கள்.

படத்தில் 5ஆம், 6ஆம் கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு பின்னால் பிதுங்கி, தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. தண்டுவடம் போகிற வழி கழுத்தில் சுமார் 17 மில்லிமீட்டர் அகலம் இருக்குமாம். 13க்குக் கீழே என்றால் ஒடுக்கம். அம்மாவுக்கு அதைவிடவும் குறைவு. நசுங்கிய இடத்தில் தண்டுவடம் வெள்ளையாகத் தெரிந்தது, அதாவது அங்கே ஏற்கனவே பாதிப்பு இருக்கிறது. தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக்கூடை சுமந்ததால் வந்ததா என்று கேட்டேன். வயதோடு வரும் தேய்மானம் யாருக்கும் வரும், சுமையும் சேர்ந்திருக்கலாம், இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கென்னவோ அந்தக் கயிற்றின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. முதுகெலும்பில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று மாமா அடித்துச் சொன்னார். சத்திரசிகிச்சை நிபுணரிடம் இதை அப்படியே கேட்டேன். எங்கள் பக்கத்துத் தமிழ் டாக்டர் ஒருவர் கூட நின்று விளக்கினார். ஆபத்து இல்லாத ஆப்ரேசன் கிடையாது. ஆனால் இப்படியே விட்டால் பலருக்குப் படிப்படியாக மோசமாகும். நடை போகலாம், சிறுநீர் கட்டுப்பாடும் போகலாம். அதைவிட, வழுக்கி ஒரு தடவை மல்லாக்க விழுந்தால் ஒரே நாளில் கை கால் விழுந்துவிடலாம். எங்கள் லயத்துப் (தோட்டத்து வரிசை வீடு) படியும் மழையில் வெளியே இருக்கும் கக்கூசும் என் கண்ணுக்குள் வந்து நின்றன. "இருக்கிறதைக் காப்பாத்தத்தான் இந்த ஆப்ரேசன். போனது திரும்பி வந்தா லாபம்" என்றார் அவர். மாமாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அம்மா மட்டும், "செய்யுங்க ஐயா" என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

ஆப்ரேசனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழுத்தின் முன்பக்கத்தில் மடிப்போடு மடிப்பாக ஒரு வெட்டு. உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கி, கெட்ட தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னக் கூண்டு வைத்து இரண்டு எலும்பும் ஒட்டிக்கொள்ளச் செய்கிறார்கள். 1950களிலிருந்து உலகம் முழுக்கச் செய்துவரும் முறை. எழுந்தபோது அம்மாவின் குரல் கரகரத்தது, சோறு விழுங்கக் கஷ்டப்பட்டார், கஞ்சிதான் இறங்கியது. சில நாளில் சரியாகிவிட்டது. பெண்கள் வார்டு என்பதால் இரவில் நான் நிற்க முடியாது, சின்னம்மா நின்றார். ஆண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீடுகள் இதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

உண்மையான தலைவலி வீட்டுக்குக் கூட்டிவருவதுதான். கழுத்துப் பட்டை போட்டவரைக் குண்டும் குழியுமான தோட்டத்து ரோட்டில் ஆட்டோவில் கூட்டிவர முடியாது. வேன் பிடித்தோம். வேனும் லயத்து வாசல்வரை போகாது. கடைசிப் படிகளில் தம்பியும் நானும் நாற்காலியோடு தூக்கினோம். இரவில் வெளியே போகாமல் இருக்க உள்ளேயே கமோட் நாற்காலி வைத்தோம், படியோரம் கைப்பிடிக்கு ஒரு பைப் அடித்தோம். ஆப்ரேசன் திகதி கிடைத்ததுமே வீட்டில் இந்த வேலைகளைத் தொடங்கிவிடுவது நல்லது.

அரச ஆஸ்பத்திரியில் ஆப்ரேசனுக்கும் வார்டுக்கும் காசு இல்லை. எங்களுக்குச் செலவானது ஸ்கேனுக்கும் பட்டைக்கும் வேனுக்கும்தான். பெரிய செலவு வருகிறவர்கள் சிகிச்சைக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். டாக்டர் நிரப்ப வேண்டிய பக்கங்கள் உண்டு. வார்டில் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். டயக்னோசிஸ் கார்டை (வார்டிலிருந்து விடும்போது நோயையும் சிகிச்சையையும் எழுதித் தரும் அட்டை) பத்திரமாக வைத்து, போட்டோ கொப்பியை மட்டும் வெளியே கொண்டுபோங்கள்.

இப்போது அம்மா பிடிமானம் இல்லாமல் நடக்கிறார். விறைப்பு குறைந்திருக்கிறது. விரல் முழுசாக வரவில்லை. பிசியோவில் சொன்னபடி சுளகில் அரிசியையும் பயறையும் கலந்து பிரித்தெடுத்துப் பழகுகிறார். பார்க்க வருகிறவர்கள், "ஆப்ரேசன் செஞ்சும் கை சரியாகலையே" என்கிறார்கள். "விழுந்திருந்தா உங்களோட பேசிக்கிட்டு உக்காந்திருப்பேனா?" என்று அம்மாவே கேட்டுவிடுகிறார்.

மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தியாகிவிட்டது. பெண்களுக்கு 50 வயதானால் வேலையை விட்டதும் ஊழியர் சேமலாப நிதியை (சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணம்) எடுக்கலாம் என்பதால் அதற்கு எழுதிப்போட்டிருக்கிறோம். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் இன்னொரு பெயர். அதைத் திருத்தத்தான் திங்கட்கிழமை கிராம சேவகரிடம் போகிறேன்.