மசக்கை எல்லை மீறியபோது: என் எடையும் குழந்தையின் எடையும்

கர்ப்பத்தில் வாந்தி எல்லோருக்கும் வரும் என்று எனக்கு ஆறுதல் சொல்லாதவர்கள் குறைவு. எனக்கு வந்தது அந்த மசக்கை இல்லை. ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே தங்காது. சோறு கொதிக்கும் வாசமும் தாளிப்பு வாசமும் ஆகவே ஆகாது. 52 கிலோ இருந்தவள் மூன்று மாதம் முடிவதற்குள் 47க்கு வந்துவிட்டேன். முதலில் பார்த்த டாக்டர், “மசக்கைதானேம்மா, தானா சரியாயிடும்” என்று மாத்திரைகூட எழுதாமல் அனுப்பிவிட்டார். அந்த வார்த்தையால் வீணாய்ப் போன நாட்களை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

சிறுநீர் குறைந்து அடர் நிறத்தில் போகத் தொடங்கியதும் அம்மா வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே எடை பார்த்த கையோடு சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சாப்பாடு கிடைக்காத உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கும்போது வருவது அது. கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கி, உடம்பில் நீரும் வற்றினால் அதற்கு ஹைபரெமெசிஸ் கிராவிடாரம் என்று பெயர், கட்டாயம் சிகிச்சை வேண்டும் என்றார்கள்.

“குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பு வரும்” என்றார் என் மாமியார். “இருங்கம்மா, முதல்ல சலைன், பி1 ஊசி. அப்புறம்தான் குளுக்கோஸ்” என்றார் டாக்டர். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவர்களுக்கு பி1 வைட்டமின் சத்து வற்றியிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் ஏற்றினால், அதைச் செரிக்க மிச்சமிருக்கும் பி1-உம் செலவாகி மூளையைப் பாதிக்கலாமாம். டிரிப்ஸ் போடும் எந்த இடத்திலும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டாசியம் அளவும் பார்த்தார்கள். வாந்தியை அடக்க டாக்சிலமின் மருந்தும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை, தாங்காத நாட்களில் ஆன்டன்செட்ரான் ஊசி என்று போனது.

ஆனால் என் பயமெல்லாம் குழந்தையைப் பற்றித்தான். நான் இப்படி வற்றினால் அதற்கு என்ன போகும்? பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. அப்போது டாக்டர் சொன்ன ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் மீதி மாதங்களைத் தள்ளினேன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இந்த நோய் வந்தும் கர்ப்பகாலம் முழுக்கச் சேர்த்து 7 கிலோவுக்கு மேல் எடை கூடியவர்களின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே இருந்தார்கள். 7 கிலோகூட ஏறாதவர்களுக்குத்தான் எடை குறைவும் குறைமாதப் பிரசவமும் அதிகம்.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வாந்தி தணிந்தது. குளிர்ந்த மோர், நீராகாரம், பொரி, ஆறிய இட்லி என்று வயிறு ஏற்றுக்கொண்டதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். வளைகாப்புக்கு வந்தவர்கள் வயிறு சின்னதாயிருக்கே என்றார்கள். வளர்ச்சி ஸ்கேனில் குழந்தை சரியாக வளர்வதைப் பார்த்திருந்ததால் அது என்னைத் தொடவில்லை. பிரசவத்துக்குப் போகும்போது நான் 60 கிலோ. மகள் 2 கிலோ 700 கிராம்.

எல்லாம் மனசுதான் என்று சொன்னவர்களுக்கும் இப்போது பதில் இருக்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் முக்கியக் காரணம் என்றும், கர்ப்பத்துக்கு முன் அது குறைவாக இருந்தவர்களை அதிகம் வாட்டுகிறது என்றும் 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த கர்ப்பத்திலும் இது வர வாய்ப்பு அதிகம் என்பதால், தொடக்கத்திலேயே மாத்திரை தர வேண்டும் என்று என் ஃபைலில் டாக்டர் எழுதி வைத்திருக்கிறார்.