தகடூர்க் கோட்டைக் கோயில்: நிதானமாகத் தரிசிக்க

தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவருக்குச் சாம்பல் பூசணி விளக்கு ஏற்றிவிட்டு அப்படியே ஒகேனக்கல் பஸ் பிடிப்பவர்கள்தான் அதிகம். தருமபுரி நகருக்குள்ளேயே, தகடூர் என்ற பழம்பெயரோடு தேவார வைப்புத்தலமாக (தனிப் பதிகம் இல்லாமல், தேவாரத்தில் பெயர் மட்டும் வரும் தலம்) எண்ணப்படும் ஊரில், நொளம்பர் என்ற அரச மரபினர் காலத்துக் கோயில் இருப்பது பலருக்குத் தெரியாமலே போகிறது. ஆட்டோக்காரரிடம் ‘கோட்டைக் கோயில்’ என்றாலே போதும்.

சுவாமி மல்லிகார்ஜுனேஸ்வரர், அம்பாள் காமாட்சி. காலை நடை திறந்ததும் போய்விடுவது நல்லது. உச்சிக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள். கல் தளமும் வெறுங்காலில் நிற்க விடாது. பிரதோஷத்தன்று தரிசனம் அருமையாக இருக்கும். ஆனால் மண்டபம் நிறைந்துவிடுவதால் தூண்களையும் விதானத்தையும் (உட்கூரையை) நின்று பார்க்க முடியாது.

சுவாமி மண்டபத்தில்தான் தொங்கும் தூண்கள் இரண்டு. அடிப்பகுதி தரையைத் தொடாது. மேற்கூரையின் பாரத்தை உத்திரங்களும் மற்றத் தூண்களும் தாங்கிக்கொள்கின்றன. இடைவெளி இருப்பதை அறிய மெல்லிய துண்டு ஒன்று போதும்: இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் மெதுவாக இழுக்க வேண்டும். செய்தித்தாளைத் திணித்தால் உள்ளே கிழிந்து தங்கிவிடும். அதோடு குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் இடைவெளியே அடைந்துபோகும். குச்சி, சாவி, நாணயம் எதையும் விடக் கூடாது.

தூணைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் அண்ணாந்து பாருங்கள். விதானத்தின் நடுவே ஆடும் சிவன், சுற்றிலும் எட்டுத் திசைக் காவலர்கள். ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நொளம்பர்களின் கைவண்ணம் அது. நம் பக்கத்துச் சோழர் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முற்றிலும் வேறாகத் தெரியும்.

அம்மன் சன்னதி உயரமான அதிட்டானத்தின், அதாவது கல் அடித்தளத்தின், மேல் இருக்கிறது. வலம் வரும்போது பார்வை கீழே இருக்கட்டும். இராமாயணக் காட்சிகள் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக அந்த அடித்தளத்தில் உள்ளன. குனிந்து, ஒவ்வொன்றாக நின்று பார்த்தால்தான் கதை பிடிபடும். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் உருவங்கள் எழும்பித் தெரியும், நடுப்பகலில் தட்டையாகிவிடும். சிற்பத்தின் மேல் கற்பூரமோ விளக்கோ வைக்க வேண்டாம். கரி ஏறினால் முகங்கள் மறைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அம்மனுக்கு உகந்த நாள்தான். ஆனால் அன்று தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் வேறு கிழமையே சரி. அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களை, அதாவது இறந்த வீரர் நினைவாக நட்ட கற்களை, தவறவிடக் கூடாது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த இந்த மண்ணில், தொறு மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. கையில் வில்லும் வாளும், பக்கத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து.

அதியமான்கோட்டையில் பைரவரோடு சென்றாயப் பெருமாளையும் சேவியுங்கள். சேலம் சாலையில் 7, 8 கி.மீ. தூரம்தான். மண்டப விதானத்தில் இதிகாசக் காட்சிகள் பழைய ஓவியங்களாக இருக்கின்றன. இருட்டாகத்தான் இருக்கும். கண் பழகும் வரை சில நிமிடங்கள் நின்றால் வண்ணம் தெரியத் தொடங்கும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அஷ்டமிக் கூட்டத்தில் இதற்கு நேரம் கிடைக்காது, சாதாரண நாளில் போங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் நடுகல்லே வேடியப்பன் என்ற ஊர்த் தெய்வமாகப் பூசை ஏற்கிறது. வழியில் அப்படி ஒரு கல்லைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுங்கள். எழுத்து தெரியவில்லையே என்று மாவோ சுண்ணாம்போ தேய்க்காதீர்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானே தெரியும்.