படத்துக்கு முதல் சுவரைப் பாருங்கள்

வீட்டில் கொழுவ ஒரு நல்ல ஓவியம் வேண்டுமென்று நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முதல் சுவரைத் தடவிப் பாருங்கள். அதுவும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று கிடக்கிற மட்டக்களப்பின் கல்லடி, நாவற்குடாப் பக்கம் என்றால் கட்டாயம். கார்த்திகை, மார்கழி மழையில் வெளிச்சுவர் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பெயின்ட் பொருமும், அதில் போய் ஒரு நீர்வர்ண ஓவியத்தைக் கொழுவினால் தை பிறக்கும்போது கடதாசி நெளிந்து ஓரமெல்லாம் மண்ணிறப் புள்ளி விழுந்திருக்கும். இரண்டு அறைகளைப் பிரிக்கிற உள்சுவர் இருக்கிறதே, அதுதான் படத்துக்கான இடம். மழை ஈரம் அவ்வளவாக வராது, நேர் வெயிலும் குறைவு.

வெயில் என்ன செய்யும் என்று பார்க்க ஆசையென்றால் பழைய சலூன் ஒன்றுக்குப் போங்கள். கண்ணாடிக்கு மேலே இருக்கிற போஸ்டரில் எல்லா முகமும் நீலமாக இருக்கும். மலிவு அச்சில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறிவிடும், நீலம்தான் நின்றுபிடிக்கும். போன நிறம் திரும்பி வராது, ஆகவே யன்னலுக்கு நேரெதிரே விலையான படம் எதுவும் வேண்டாம்.

சரி, எதைக் கொழுவுவது? எங்கோ இருக்கிற பனிமலையும் நீர்வீழ்ச்சியும் தங்கப் பிரேமில் விற்கிறார்கள், அதை வாங்குவதை விடச் சுவரைச் சும்மா விடலாம் என்பது என் கட்சி. இங்கேயே சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் ஹோலில் இருப்பது அப்படி ஒரு பிள்ளையிடம் வாங்கியதுதான்: வளையம் வைத்து விரிந்த கரப்புடுப்போடு சுழல்கிற வடமோடிக் கூத்து அரசன், கன்வசில் அக்ரிலிக். அக்ரிலிக்குக்குக் கண்ணாடி தேவையில்லை, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து மெதுவாகத் துடைத்தால் தூசி போய்விடும், இந்த ஊர்க் காற்றுக்கு அதைவிட வசதி வேறில்லை. அப்புறம் மருதமுனைக் கைத்தறித் துணி ஒன்று, மேலே ஒரு தடியைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். சாயம் போட்ட பன்பாய் ஒன்றையும் கொழுவினேன். மாமி பார்த்துவிட்டு, "பாயை ஆராவது சுவரில கொழுவுவாங்களாகா?" என்று கேட்டா. இப்போது வருகிறவர்களிடம் அதை முதலில் காட்டுவதே அவாதான். பாய் பூஞ்சணம் பிடிக்கும், மழைக்காலம் முடிந்ததும் எடுத்து ஒருநாள் வெயிலில் போட வேண்டும், அவ்வளவுதான்.

கடதாசியில் வரைந்தது என்றால் பிரேம் அடிக்கிற இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். பல கடைகளில் ஓவியத்தைக் கண்ணாடியோடு நேரே ஒட்டினாற்போல் வைத்து அடித்துத் தந்துவிடுவார்கள். ஈரக்காற்றில் கடதாசி கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தால் நிறமும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் நடுவில் மவுண்ட் போட், அதாவது படத்தைச் சுற்றி வருகிற தடித்த மட்டை, வைக்கச் சொல்லுங்கள், அந்தச் சின்ன இடைவெளிதான் படத்தைக் காப்பாற்றும். பசை பூசி ஹாட்போட்டில் ஒட்டவும் விடாதீர்கள். பிரேமின் பின்பக்கம் கீழ் மூலை இரண்டிலும் ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போகும், கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

உயரம். எங்கள் வீடுகளில் எல்லாப் படமும் கதவு நிலைக்கு மேலேதான், கொஞ்சம் முன்னுக்குச் சரிந்தபடி. சாமிப் படமும் காலமானவர்களின் படமும் அண்ணாந்து பார்க்க வேண்டியவை, அது மரியாதை, அதில் நான் கைவைக்கவில்லை. ஓவியத்தை மட்டும் கண்ணுக்கு நேரே இறக்குங்கள். ஓவியக் கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் வரையில் வருமாறு கொழுவுவது வழக்கம். உட்கார்ந்திருந்தே பார்க்கிற ஹோல் என்றால் இன்னும் கொஞ்சம் கீழே வரலாம். செற்றிக்கு மேலே என்றால் செற்றியின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது படம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பெரிய நெற்றியில் சின்னப் பொட்டு வைத்தது மாதிரிக் கிடக்கும். துளை போடுவதற்கு முதல் பழைய பேப்பரைப் படத்தின் அளவுக்கு வெட்டி ரேப்பால் ஒட்டி, இரண்டு மூன்று நாள் அதோடு வாழ்ந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் பேப்பரை நகர்த்துவது சுகம்.

சீமெந்துக் கல் சுவரில் வெறும் ஆணி அடித்தால் பூச்சு உதிரும், ஆணி ஆடும். ட்ரில் போட்டு, ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கிற றோல் பிளக்கைத் துளைக்குள் வைத்து ஸ்க்ரூ முறுக்குங்கள், முடிந்தால் துருப்பிடிக்காத ஸ்க்ரூ, ஏனென்றால் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு துருப்பிடித்துச் சுவரில் கோடு இழுக்கும். ஒரு படத்துக்கு இரண்டு கொளுக்கி போட்டால் மின்விசிறிக் காற்றுக்குச் சரியாது. சுவிச்சுக்கு நேர் மேலேயோ கீழேயோ துளை போடவே கூடாது, வயர் அதற்குள்ளேதான் போகும்.

இன்னும் ஒரு சுவர் வெறுமையாக இருக்கிறது. இவருக்கு அதில் 1924 இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்தின் பெரிய போட்டோ வேண்டுமாம். நல்ல பாலம்தான், ஆனால் போகிற கந்தோர், ஹோட்டல் எல்லாவற்றிலும் அதே பாலம், அதே அந்திவானம். சண்டை பிடித்து, சின்னதாகக் கறுப்பு வெள்ளையில், குசினிக்குப் போகிற வழியில் என்று ஒருமாதிரி உடன்பட்டிருக்கிறோம். துளை போடுவது இவர் பொறுப்பு. அந்தச் சுவரில்தான் எங்களுக்கு மூன்று சுவிச் இருக்கிறது.