கப்பலிலும் நாற்பது நிமிடம்

மார்ச் 8, 2025, சனி, சிங்கப்பூர்

மகன் வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. திங்கட்கிழமை கப்பல் ஏறுகிறோம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, அங்கிருந்து புக்கெட், மறுபடி சிங்கப்பூர். மொத்தம் நான்கு இரவு. எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்காக மகனும் மருமகளும் எடுத்த டிக்கெட்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கூடவே ஒரு பயமும் இருக்கிறது. போன வருஷம் காசிக்குப் போயிருந்தபோது பதினோரு நாள் என் நடை விட்டுப்போனது. ஊர் திரும்பிய பிறகும் நாளைக்கு ஆரம்பிக்கலாம், திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போய், தினமும் நாற்பது நிமிடம் என்ற பழைய கணக்குக்கு வர மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் மூன்று மாத சர்க்கரைச் சராசரி 6.8-லிருந்து 7.9 ஆகிவிட்டது. பதினோரு நாள் விட்டதற்கு இவ்வளவு விலை. இந்த முறை ஒரு நாள்கூட விடக் கூடாது என்று ஸ்ரீரங்கத்திலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பெட்டியில் முதலில் வைத்தவை: குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், மாத்திரை, பழகிய பழைய ஷூ, பருத்திக் காலுறை நான்கு ஜோடி, ரப்பர் இழுவைப் பட்டை ஒன்று, பஞ்சு, மருந்து, பேண்டேஜ் எல்லாம் போட்ட சின்னப் பை. அந்தப் பை இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. என் அம்மாவுக்குக் கால் போனது செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண்ணில்தான். சர்க்கரை நோயால் கால் மரத்து வலி தெரியாததால் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு ஆறு வருஷம் இருந்தாள், வாசல் திண்ணையைத் தாண்டாமல்.

மருமகள் புது ஷூ ஒன்று வாங்கி வைத்திருந்தாள். "அத்தை, இது ரொம்ப மெத்துனு இருக்கும்" என்றாள். ஊருக்குப் போய்ப் போட்டுப் பழக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். பயணத்தில் புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் வேண்டாம்.

மார்ச் 10, திங்கள், இரவு

மரினா பே துறைமுகத்தில் மதியம் ஏறினோம், ஐந்து மணிக்குக் கப்பல் புறப்பட்டது. எங்கள் அறை எட்டாவது தளத்தில். சாப்பாட்டுக் கூடம் நான்காவது தளம், பஃபே பதினான்காவது தளம், நடக்கிற தடம் அதற்கும் மேலே பதினைந்தில். லிஃப்டில் பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினான்கு. பதின்மூன்று என்று ஒரு தளமே இல்லை.

ஏறியவுடன் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் எல்லோரும் அவரவருக்குச் சொல்லப்பட்ட இடத்தில் கூட வேண்டும். ஆபத்து நேரத்தில் லிஃப்டைத் தொடக் கூடாது, படிதான். 2012-இல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. இப்போது கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனோ நடத்தியாக வேண்டும் என்று விதி. எங்கள் அறையிலிருந்து கூடும் இடம் வரை படி வழியாகவே இரண்டு தடவை போய் வந்தேன். வழி மனசில் பதிந்தது, காலுக்கும் வேலை ஆயிற்று.

அப்போதே வீட்டு ஆட்களிடம் சொல்லிவிட்டேன்: நான்கு நாளும் எனக்கு ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிஃப்ட். ஏறும்போது தொடையும் மூச்சும்தான் உழைக்கும். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுக்க முட்டியில் விழும். இவருக்கு முட்டி தேய்மானம், இரண்டுக்குமே லிஃப்ட்தான்.

இரவுச் சாப்பாடு பஃபேயில். தோசை, பூரி, சோறு, மீன், பிரியாணி, அப்புறம் இனிப்புக்கென்றே ஒரு நீள மேஜை. பேரன் "பாட்டி, இதைச் சாப்பிட்டுப் பாருங்க" என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான். மறுக்க மனசு வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தால் 238. எனக்கு டாக்டர் சொன்ன வரம்பு 180.

அதைப் பார்த்த பிறகு படுக்க முடியவில்லை. பத்தரை மணிக்கு இவரையும் எழுப்பி அழைத்துக்கொண்டு மேலே போனேன். தடத்தில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். கப்பல் அப்போது மணிக்கு 18 நாட்டிகல் மைல் வேகம் என்று அறை டிவியில் போட்டிருந்தது. ஒரு நாட்டிகல் மைல் 1,852 மீட்டர். அப்படியென்றால் மணிக்கு முப்பத்துமூன்று கிலோமீட்டர். காற்றே வீசாத இரவிலும் கப்பலின் முன்பக்கம் பார்த்து நடந்தால் அந்த வேகத்தில் காற்று நெஞ்சில் வந்து முட்டுகிறது. திரும்பிப் பின்பக்கம் நோக்கி நடந்தால் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது போல இருக்கிறது. ஒரு சுற்றில் பாதி தூரம் ஏற்றம், பாதி தூரம் இறக்கம் மாதிரி. தரையில் இருபது நிமிடம் நடப்பதைவிட இது கூடுதல் உழைப்பு என்று மூச்சு சொன்னது.

இரண்டு பக்கமும் கப்பல்களின் விளக்குகள். மலாக்கா ஜலசந்தியின் மிகக் குறுகலான இடம் சிங்கப்பூரை ஒட்டி இருக்கிறது, மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான அகலம். அதைத் தாண்டி வந்த பிறகும் கப்பல்கள் எறும்பு வரிசை போலப் போய்க்கொண்டே இருந்தன.

மார்ச் 11, செவ்வாய், பினாங்கு

காலை ஐந்தே முக்காலுக்கு மேல்தளம். கிழக்கே வானம் வெளுக்கவே இல்லை. இந்தப் பக்கத்தில் ஏழு மணி தாண்டித்தான் விடிகிறது. எட்டுச் சுற்று, நாற்பது நிமிடம்.

உடற்பயிற்சிக் கூடத்தையும் எட்டிப் பார்த்தேன். கப்பலின் முகப்பில், உயரமான தளத்தில், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. பார்க்க அழகு. ஆனால் கப்பல் அசையும்போது அதிகம் தூக்கிப்போடுவது முகப்பும் மேல்தளமும்தான், நடுவிலும் கீழேயும் அசைவு குறைவு. அதனால் ட்ரெட்மில்லில் ஏறியவுடன் கைப்பிடியைவிட்டுக் கையை எடுக்க முடியவில்லை. ஐந்தே நிமிடத்தில் இறங்கி சைக்கிளுக்கு மாறினேன். என் வயதுக்காரர்களுக்குக் கப்பலில் சைக்கிள்தான் சரி. கூடத்துக்குக் கட்டணம் இல்லை, யோகா வகுப்புக்குத் தனிக் காசு. சூரிய நமஸ்காரத்துக்குக் காசு கொடுக்க எனக்கு மனசில்லை, அறையிலேயே செய்துகொள்கிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கட்டியது. வெயில் தாழட்டும் என்று காத்திருந்து, கிராப் என்ற வாடகை வண்டி பிடித்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். பாலதண்டாயுதபாணி. 513 படி.

இவரை அடிவாரத்தில் உட்கார வைத்துவிட்டு மகன், பேரன், நான் மூவரும் ஏறினோம். மருமகள் மாமாவுக்குத் துணையாகக் கீழேயே இருந்துவிட்டாள். முதல் நூறு படியில் மூச்சு வாங்கவில்லை, வியர்வைதான் கொட்டியது. அங்கே காற்றில் அவ்வளவு ஈரம், வியர்த்தாலும் உலர்வதில்லை. ஐம்பது படிக்கு ஒரு முறை ஓரமாக நின்று, வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பேச முடிந்தால் ஏறலாம், வார்த்தை உடைந்தால் நிற்க வேண்டும். இதயத் துடிப்பு காட்டும் கடிகாரம் எதுவும் என்னிடம் இல்லை, இந்தக் கணக்கே எனக்குப் போதும். சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றை மகன் வைத்திருந்தான். மாத்திரை போட்டுக்கொண்டு இவ்வளவு ஏறினால் சர்க்கரை தாழ்ந்துபோகவும் வாய்ப்புண்டு.

வழியில் ஒரு பெண்மணி என்னைக் கடந்து ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். எனக்குச் சமவயது இருக்கும். மூன்றாவது முறை கடக்கும்போது நின்று, "ஊர்லேருந்து வந்தீங்களா? மெதுவா ஏறுங்க, முருகன் எங்கேயும் போயிட மாட்டார்" என்றார். வாரத்தில் நான்கு நாள் மாலையில் இப்படி ஏறி இறங்குவாராம். தைப்பூசத்துக்கு இதே படியில் லட்சக்கணக்கில் ஆள் வருவார்கள் என்றும் சொன்னார். அந்த அம்மாவைப் பார்த்ததில் எனக்கு வந்த தெம்பைச் சொல்லி முடியாது.

மேலே போய்ச் சேர முப்பத்தெட்டு நிமிடம். கீழே ஊரும் கடலும் தெரிந்தன, எங்கள் கப்பல் ஒரு வெள்ளைப் பெட்டி போல நின்றது. சந்நிதியில் நின்றபோது அம்மா நினைவு வந்து அழுதுவிட்டேன். மகன் எதுவும் கேட்கவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டான்.

இரவுச் சாப்பாட்டில் சப்பாத்தி இரண்டு, மீன், நிறைய காய். சாப்பிட்ட அரை மணியில் தடத்தில் பதினைந்து நிமிடம் மெதுநடை. இரண்டு மணி நேரம் கழித்து 161.

சாப்பிட்ட பிறகு நடப்பது ஏன் இப்படி வேலை செய்கிறது என்று என் டாக்டர் ஒரு தடவை விளக்கினார். தசை சுருங்கி விரியும்போது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இன்சுலினுக்குக் காத்திராமலே இழுத்துக்கொள்ளும். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும். அதனால்தான் நடை.

மார்ச் 12, புதன், புக்கெட்

பெரிய கப்பல் படோங் கரைக்கு வர முடியாது. விரிகுடாவில் நங்கூரம் போட்டு, டெண்டர் என்கிற சின்னப் படகில் ஆட்களைக் கரை சேர்க்கிறார்கள். தாய்லாந்தில் மணி சிங்கப்பூரைவிட ஒன்று பின்னால், ஆனால் கப்பலுக்குள் சிங்கப்பூர் நேரம்தான். மாத்திரை நேரம் குழம்பாமல் இருக்கக் கடிகாரத்தை மாற்றவேயில்லை.

படோங் கடற்கரை மூன்று கிலோமீட்டர் நீளம். ஈர மணலில் ஒரு முனையிலிருந்து மறு முனை, திரும்பி வந்து, மொத்தம் ஆறு. நேற்று ஏறிய கால் இன்று கனத்தது, இருந்தும் விடவில்லை. அங்கேதான் தவறு செய்தேன். அலை வந்து ஷூ நனைந்தது, உள்ளே மணல் போனது. கழற்றி உதறிவிட்டு நடந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று நடந்துவிட்டேன்.

இரவு பாதத்தைப் பார்க்கும்போது, இடது குதிகாலில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு கொப்புளம். உடைந்து, தோல் விலகியிருந்தது. வலிக்கவே இல்லை.

வலிக்காததுதான் என்னை நடுங்க வைத்தது.

கழுவி, துடைத்து, மருந்து வைத்துக் கட்டினேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தார். "நாளைக்கு நடை கிடையாது" என்று மட்டும் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. தூங்க வெகுநேரம் ஆயிற்று. நடந்தால் புண், நடக்காவிட்டால் காசி.

மார்ச் 13, வியாழன், கடலில்

முழு நாளும் கடல். காலை ஐந்தே முக்காலுக்கு வழக்கம்போல எழுந்தேன். ஷூவைத் தொடவில்லை. அந்த நாற்பது நிமிடத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வது என்று ராத்திரியே தீர்மானித்திருந்தேன். கால் ஓயட்டும், நேரம் ஓயக் கூடாது.

அறை நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டேன். அந்தமான் கடல் அலை இலேசாகத் தூக்கியது, நாற்காலி நகர்ந்தால் விழுந்துவிடுவோம். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கையூன்றாமல் எழுந்து நின்று உட்காருவது, பத்துப் பத்தாக நான்கு தடவை. கேட்க ஒன்றும் இல்லாதது போல இருக்கும், மூன்றாவது பத்தில் தொடை எரியும். பிறகு உட்கார்ந்தபடி ஒவ்வொரு காலாக நேரே நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடிப்பது. இழுவைப் பட்டையை முதுகுக்குப் பின்னால் கொடுத்து இரண்டு கையாலும் முன்னால் தள்ளுவது. சுவரில் கை வைத்துத் தண்டால். கடைசியில் மூச்சுப் பயிற்சி. ஒற்றைக் காலில் நிற்கிற பயிற்சியைக் கப்பலில் செய்யவில்லை, தரை நம்முடையதில்லை.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று சொல்கிறதே, அதே அறிவுரையில் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் உண்டு. இரண்டு வருஷமாக முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவது பாதியை விட்டிருக்கிறேன். ஒரு கொப்புளம் வந்துதான் அந்தப் பட்டை பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

பேரனும் எழுந்து வந்து கூடவே செய்தான். "பாட்டி, நீங்க முப்பத்தி எட்டு, நான் நாற்பது" என்று எண்ணிச் சொன்னான்.

நீச்சல் குளத்தில் நடக்கலாமே என்று மருமகள் கேட்டாள். முட்டிக்கு அது மிகவும் நல்லது. இவரை அனுப்பி வைத்தேன், இடுப்பளவு தண்ணீரில் இருபது நிமிடம் நடந்துவிட்டு வலியே இல்லை என்று வந்தார். நான் இறங்கவில்லை. திறந்த புண்ணோடு பொதுக் குளத்தில் இறங்குவது எனக்கும் நல்லதில்லை, மற்றவர்களுக்கும் நல்லதில்லை.

மதியம் சாப்பிட்டு அரை மணி கழித்து மறுபடி நாற்காலி, பத்து நிமிடம். பார்த்தேன், 168. நடக்காமலே 168! அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கட்டுப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பு பரவவில்லை, நீர் இல்லை, சூடு இல்லை.

மார்ச் 14, வெள்ளி, சிங்கப்பூர்

காலையில் துறைமுகம். நேரே மகன் வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் காட்டினோம். சுத்தமாக இருக்கிறது, ஒரு வாரம் குதிகால் உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எடை முந்நூறு கிராம் கூடியிருக்கிறது. பரவாயில்லை. வெறும் வயிற்றில் 121.

மார்ச் 21, வெள்ளி, ஸ்ரீரங்கம்

ஊர் வந்து நான்கு நாள். தினமும் ஐந்தே முக்காலுக்கு நாற்காலி, பட்டை, சுவர். நேற்று பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் வந்துவிட்டது. எங்கள் டாக்டரும் பார்த்து, சரி, மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார்.

இன்று காலை பழைய ஷூ, இரட்டைக் காலுறை. சித்திரை வீதி ஒரே ஒரு சுற்று. இவரும் கூட வந்தார். வீட்டுக்கு வந்ததும் வாசல் திண்ணையில் உட்கார வைத்து, காலுறையைக் கழற்றி, குதிகாலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மீதி நிமிடங்களுக்கு உள்ளே போய் நாற்காலியைச் சுவரோடு போட்டேன்.